அம்மாவின் கால்விரலும் இன்சுலினும்

அம்மாவின் வலது கால் பெருவிரலுக்கு அடியில் கெளுத்தி முள் ஏறியிருந்தது. எத்தனை நாளாக இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மீன் விற்றுவிட்டு வந்து அவள் கால் நீட்டி உட்கார்ந்தபோது, செருப்பில் சீழின் ஈரத்தைக் கண்டு நான்தான் பார்த்தேன். வலிக்கவே இல்லை என்றாள்.

அந்த வலிக்காமைதான் முதல் அறிகுறி. நாகர்கோவிலில் டாக்டர் அதை நரம்புப் பாதிப்பு (நீண்ட நாள் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போவது) என்றார். எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) மிக அதிகமாக இருந்தது. சர்க்கரைக்கு இதுவரை விழுங்கிய மாத்திரை இனி போதாது, புண் ஆற வேண்டுமானால் இன்சுலின் (சர்க்கரையைக் கட்டுப்படுத்தக் கணையம் சுரக்கும் நீர்) ஊசி போட்டே ஆக வேண்டும் என்றார்.

"ஊசி வேண்டாம் டாக்டரம்மா," என்றாள் அம்மா. "அது தொடங்குனா முடிவாக்கும்."

இராஜாக்கமங்கலம் கரையில், எங்கள் தெருவில், எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். இன்சுலின் போட்டவர்களில் சிலர் காலை இழந்தார்கள், சிலர் இறந்தார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஊசியைத் தள்ளிப்போட்டு, உடல் கெட்ட பிறகு தொடங்கியவர்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். வேதியியல் படித்து, கருங்கல் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பதில்லை. அம்மாவுக்குக் கணையத்தைப் படம் வரைந்து விளக்கினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாளை மீனு மாதிரில்லா இருக்கு," என்றாள்.

சண்டை நீண்டது. புண்ணிலிருந்து வாடை வந்த பிறகுதான் சம்மதித்தாள். "படிச்சவ சொல்லுகா. போட்டுத் தொலைக்கேன்."

தொடங்கிய பிறகு ஒழுங்காகவே போட்டாள். மீன் அறுத்துப் பழகிய கை, நடுங்கவில்லை. ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. விரல் கறுத்துக்கொண்டே வந்தது. சோற்றைக் குறைத்தேன். மரச்சீனிக் கிழங்கை நிறுத்தினேன். எனக்குத் தெரியாமல் தின்கிறாளோ என்று சட்டிகளைத் திறந்து பார்த்தேன்.

மறுபடி போனபோது டாக்டர் மருந்துக் குப்பியைக் கேட்டு வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினார். பால்போல ஒன்றாகக் கலங்க வேண்டிய மருந்தில் துகள்கள் திரிதிரியாக நின்றன.

"இதை எங்கே வச்சிருந்தீங்க?"

"மீனு ஐஸ் பெட்டியிலதான்," என்றாள் அம்மா, நல்ல காரியம் செய்தவளைப் போல. "நம்ம ஊரு கரண்ட நம்ப முடியாதுல்லா. கெட்டுப் போவப்படாதுன்னு, மீனுக்கு மாதிரி உப்பும் போட்டு மூடி வச்சேன்."

உப்புச் சேர்ந்த ஐஸின் குளிரில் இன்சுலின் உறைந்துவிடும். உறைந்தால் வலுவிழந்துவிடும், அம்மா செய்ததுபோல் உருகவிட்டுப் போட்டாலும் வலு திரும்பாது. ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வை என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் எங்கள் கரையில் ஒரு பொருளைக் கெடாமல் காப்பதென்றால் அது ஐஸ்தான். பிடிக்காத மருந்தை விலைமீனைவிடப் பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறாள். யார்மேல் கோபப்படுவது?

விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. புதுக் குப்பி வந்த பிறகு சர்க்கரை இறங்கியது. புண்ணும் மெல்ல மூடியது.

இத்தோடு எல்லாம் சரியானது என்று எழுதத்தான் ஆசை. அடுத்த வீட்டு ஜெசிந்தாக்காவுக்கும் டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பற்றி எங்கள் அம்மாவிடம் கேட்க வந்தார்.

"ஊசி எப்பிடி மைனி?"

"ஊசி போட்டேன், விரலு போச்சு."

"ஊசியால இல்லம்மா," என்றேன். "அது ஐஸ்ல உறைஞ்சு..."

"நீ சும்மா இருட்டி. போனது எனக்க விரலாக்கும்."

ஜெசிந்தாக்கா தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அன்று மாலையும் அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்தாள், தானே குத்திக்கொண்டாள்.

"பின்ன நீ மட்டும் எதுக்கும்மா போடுத?"

"போடாட்டா நீ சோறு தரமாட்டியே."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், மருந்தை வாங்கிக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். எங்கே வைக்கிறார்கள் என்று கேளுங்கள். குப்பியை அடிக்கடி கையில் எடுத்துப் பாருங்கள். அவர்கள் மனம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அம்மாவின் மனம் மாறவில்லை. கை மட்டும் பழகிக்கொண்டது.

முன்பெல்லாம் பசித்தபோது சாப்பாடு. இப்போது ஊசிக்கும் சோற்றுக்கும் நடுவில் அரை மணி நேரம் காத்திருக்கிறோம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எங்கள் நாள் அந்த இரண்டு அரை மணிகளைச் சுற்றியே நகர்கிறது. அந்த நேரத்தில் அம்மா பாதத்தைத் தடவிக்கொண்டே இருப்பாள். இல்லாத விரல் அரிக்கிறது என்பாள்.

ஜெசிந்தாக்கா இன்னும் ஊசி தொடங்கவில்லை. கேட்டால், பார்க்கலாம் என்கிறார். அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் கீழே போய், அவர் கால்விரல்களை எண்ணிவிடுகிறது.