கோபக்காரி என்ற வெள்ளி

ராத்தாவைக் கட்டிய மச்சான் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு டோர்ச் லைட்டும்தான். பதிலுக்கு வீடு முழுவதையும் எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணின் தாய் தகப்பன் வீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். வாப்பாவும் உம்மாவும் வளவின் பின்பக்கத்தில் தென்னோலை வேய்ந்த கிடுகு வீட்டுக்குப் போனார்கள். என் தலையணையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அதுவரை நான் ராத்தாவின் பாயில் படுத்தவள்.

வீடு போனதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வானம் போனதுதான் பொறுக்கவில்லை.

மார்கழியில் மழை விட்டு வெளிக்கும் இரவுகளில், இஷாத் தொழுகை முடிந்ததும், அக்காவும் தங்கையும் ஒரே போர்வைக்குள் சுருண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருப்போம். பெரிய பிள்ளையான நாளிலிருந்து, உம்மாவைப் போலவே, ராத்தா வேலிக்கு வெளியே போனதில்லை. அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. தேடவேண்டியதில்லை, எப்போதும் வளவுக்குள்தான் இருப்பாள். மூன்று பக்கம் வேலி, ஒரு பக்கம் கூரை, சுற்றிவரத் தென்னந்தலைகள். நடுவில் எஞ்சியது எங்கள் வானம். அதிலுள்ள நட்சத்திரங்களுக்கு, எங்கள் பேச்சில் வெள்ளிகளுக்கு, ராத்தாதான் பெயர் வைத்தாள். கோத்த மணிகள் போல வரிசையாக நின்ற மூன்றும் மூணு மணி. கலங்கலாகக் கூடிநின்றவை கோழிக்குஞ்சுகள். எல்லாவற்றுக்கும் பிந்தி, கிழக்குத் தென்னைகளுக்கு மேலே நீலமும் சிவப்புமாகத் துடித்துக்கொண்டு வருபவள் கோபக்காரி. அவள் வரும்வரை பல் கிட்டினாலும் எழும்பமாட்டோம். முதலில் கண்டவருக்கே போர்வை முழுவதும்.

எனக்கு ஒரு வெள்ளியைக் காட்டவேண்டுமென்றால் ராத்தா தன் கன்னத்தை என் கன்னத்தோடு ஒட்டவைத்து, கையை நீட்டி, விரல் நுனி வழியே பார்க்கச் சொல்வாள். அந்தக் குளிரில் என் உடம்பில் சூடாக இருந்த ஒரே இடம் அந்தக் கன்னம்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த மார்கழியில் மச்சானும் கிணற்றடிக்கு வந்தார். துணிக்கடையில் வேலைக்கு நின்றவர். ஒரே மாதிரியான இரண்டு நீலத் துணிகளைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லக்கூடியவர், வானத்தைப் பார்த்து, “எல்லாம் ஒரே மாதிரித்தானே கிடக்கு” என்றார். பிறகு டோர்ச்சை அடித்தார். பனியில் அந்த வெளிச்சம் வெள்ளைப் பிரம்பு போல நீண்டு நேரே ஒரு வெள்ளியைத் தொட்டது. “இதா மச்சி? இதா?” என்று என்னைக் கேட்டார்.

இனி வெள்ளி காட்டுவதற்குக் கன்னம் தேவையில்லை. அதை நான் அந்த இடத்திலேயே விளங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ராத்தாவைப் பிடித்து, பெயர்களை மட்டும் அவருக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டேன். அவள் சிரித்தாள். “ஓம் புள்ள, சொல்லமாட்டன்.”

ஒரு நாள் மச்சான் கிடுகு வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். “மாமி, கடற்கரையில நிண்டு பாத்தா வெள்ளி இன்னும் வடிவாத் தெரியும். ஒருக்கா இவளக் கூட்டிட்டுப் போய் வரட்டா?”

கதவுக்குப் பின்னால் நின்ற உம்மா தன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, “சின்னவளையும் கூட்டிட்டுப் போங்க மகன். பெரியவள முக்காட்ட நல்லா இழுத்துப் போடச் சொல்லுங்க” என்றாள். என் உரிமையை உம்மாவாவது மதித்தாளே என்று எனக்குத் திருப்தி.

கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் ஆள் நடமாட்டமில்லை. ராத்தா என் கையைப் பிடித்திருந்தாள். அந்தக் குளிரிலும் அவள் கை வேர்த்திருந்தது. கரையில் தோணிகளைத் தாண்டியதும் நான் நின்றுவிட்டேன். வானத்துக்கு ஓரமே இல்லை. தென்னை இல்லை, வேலி இல்லை. தண்ணீரைத் தொடும்வரை வெள்ளிகள். பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கடலுக்குள்ளிருந்து கோபக்காரி எழும்பினாள், அடுப்புத் தணலைப் போல, இத்தனை காலமும் தென்னைகள் மறைத்துவைத்திருந்த இடத்திலிருந்து.

அதற்குள் வெள்ளைப் பிரம்பு அவளைத் தொட்டுவிட்டது. “இது என்ன வெள்ளி?”

ராத்தா என்னைப் பார்த்தாள். “தெரியாது” என்றாள்.

“மச்சிக்குத் தெரியுமா?”

“தெரியும். சொல்லமாட்டன்.”

“சரி, அது உங்கட வெள்ளியாவே கிடக்கட்டும்.” சிரித்துக்கொண்டே டோர்ச்சை அணைத்தார்.

வென்றுவிட்டேன். என் கன்னத்தை வைக்க ராத்தாவைத் தேடினேன். பக்கத்தில் அவளைக் காணவில்லை. தண்ணீர் ஓரத்தில் நின்றாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. அலை வந்தால் பின்வாங்கினாள். போனால் அதன் பின்னாலேயே போனாள்.

“ராத்தா, கோபக்காரி! மேல பாரு!”

“பொறு புள்ள, பொறு.”

ஓடிப்போய் அவள் நாடியைப் பிடித்து மேலே திருப்பினேன். கையை விலக்கிவிட்டு மறுபடியும் தண்ணீரையே பார்த்தாள். பின்னால் மச்சான் அவளுடைய செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரும் வானத்தைப் பார்க்கவில்லை.

அன்றிரவு உம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு முறையிட்டேன். “ராத்தா ஒரு வெள்ளியையும் பாக்கல்ல உம்மா. கூட்டிட்டுப் போனது சும்மா.”

உம்மா ராத்தாவை ஏசுவாள் என்று காத்திருந்தேன். கிடுகுக்கு வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. எங்கள் வளவில் அது கேட்காத இரவில்லை.

“கடல் எப்பிடிக் கிடந்திச்சு?” என்றாள் உம்மா.

பின்னேரங்களில் அங்கே விளையாடப் போகிறவள் நான். “கடலா? எப்பயும் போலதான்” என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்து மூடினேன்.

“அலை பெரிசா?”

என் முறைப்பாட்டை அவள் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை என்ற கோபத்தில் நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.