சுவருக்கு வந்த முட்டை

அன்றைக்கு இல்லத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். யாராவது விட்டுப்போனால் எனக்குத் தூக்கம் வராது. பங்குச் சாமியார் ஒருவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஒருவர். பிள்ளைகள் முப்பத்தொரு பேர். அவர்களைப் பார்க்க வந்த அப்பாமார் பதினோரு பேர். அதில் ஒருவர் கொத்தனார். மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்த முட்டை வியாபாரி, சிங்கம்புணரிப் பாய். அடுப்படியில் நான்.

இல்லம் மாதா கோவிலை ஒட்டி, கீழச்சிவல்பட்டிக்குப் போகிற சாலையில் இருந்தது. அம்மா இல்லாத பிள்ளைகள்தான் பெரும்பாலும். அப்பாமார் கூலி வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள். பிள்ளையை யாரிடம் விட்டுப்போவது? அதனால் இங்கே விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார்கள். சாமியார் அவர்களை வேலை செய்யச் சொன்னதே இல்லை. பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு வர அவர்களுக்குக் கூச்சம், வாங்கி வரவோ காசு கிடையாது. ஆகவே கைக்குத் தெரிந்த வேலையைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கட்டில் கயிறு பின்னுவார், ஒருவர் விறகு பிளப்பார். தன் பிள்ளைக்கு மட்டும் என்று எதையும் செய்யக் கூடாதென்பது அவர்களே போட்டுக்கொண்ட கட்டு. முடி வெட்டுகிறவர் தன் மகனைக் கடைசியாகத்தான் உட்காரவைப்பார். அதற்குள் கத்தரி மழுங்கிவிடும், அந்தப் பையனின் தலை மட்டும் எலி கடித்த மாதிரி இருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முருகனைக் கும்பிடுகிறவள். பக்கத்துத் தெருவில் குடியிருந்ததால் ஞாயிறு சமையலுக்குப் போய், அப்படியே ஒட்டிக்கொண்டேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். உலையில் அரிசி போட்டால் குழைந்துவிடுமோ, போடாவிட்டால் பந்திக்குப் பத்தாதோ. சிஸ்டர் என்னைப் பார்த்தாலே, "இன்னைக்கு என்ன கவலை?" என்றுதான் கேட்பார்.

அந்த மாதத்தில் கவலைப்பட நிஜமாகவே காரணம் இருந்தது. இல்லத்தைப் பார்வையிட வந்த அதிகாரி, சின்னப் பிள்ளைகள் படுக்கும் அறையின் சுவரைத் தொட்டார். காரை கையோடு வந்துவிட்டது. நல்ல மனுஷன்தான், ஆனால் சட்டம் சட்டம் என்றார். மறுபடி வரும்போது சுவர் இப்படியே இருந்தால் அந்த ஒன்பது பிள்ளைகளையும் திருச்சியில் ஒரு பெரிய இல்லத்துக்கு மாற்றவேண்டியதுதான் என்று சொல்லி, நாளும் குறித்துவிட்டுப் போனார். திருச்சிக்கு வாராவாரம் பஸ் ஏற அந்த அப்பாமாருக்கு எங்கே முடியும்? கொத்தனாரின் மகள், ஐந்து வயது, அந்த ஒன்பதில் ஒருத்தி.

மூன்று ஞாயிறு அப்பாமார் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. பழைய காரையைக் கொத்தி எடுத்தார்கள், மணல் சலித்தார்கள், சுண்ணாம்பை அரைத்தார்கள். சாதாரணப் பூச்சே போதும் என்று சாமியார் சொல்லிப் பார்த்தார்.

"நகரத்தார் வீட்டுல எல்லாம் மூஞ்சி தெரியிற மாதிரி பூசிக் குடுத்திருக்கேன் சாமி. எம்புள்ள படுக்குற சுவத்துக்கு மட்டும் ஏனோதானோன்னு பூசச் சொல்றீகளா?" என்றார் கொத்தனார்.

நான்காவது ஞாயிறு கடைசிப் பூச்சு. அடுத்து வரும் புதன்கிழமை அதிகாரி வருகிறார்.

சனிக்கிழமை சாயங்காலமே பாய் சைக்கிளில் வந்து, வைக்கோல் போட்ட இரண்டு கூடை முட்டையை அடுப்படியில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். இருநூறு. அதற்குச் சாமியார் பணமும் கொடுத்துவிட்டார். பாயின் பிள்ளை யாரும் இல்லத்தில் இல்லை. ஆனாலும் ஒரு ஞாயிறும் வராமல் இருக்கமாட்டார். கேட்டால், "சும்மா இருந்தா வீட்டுல ஏசுறாக" என்பார்.

முட்டை எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அந்தப் பக்கத்தில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சுவரில் பூசி வழவழப்பாகத் தேய்ப்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நான் வாக்கப்பட்டு வந்தவள். நான் பிறந்த ஊரில் சுவர் என்றால் மண்ணும் சாணியும்தான்.

ஞாயிறு காலை எல்லாரும் பூசைக்குப் போய்விட்டார்கள். நான் தனியாக இருந்தேன். வெயிலில் முட்டை கெட்டுப்போகுமோ என்று ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மிதந்தது! அவ்வளவுதான், இருநூறும் மதியத்துக்குள் கெட்டுவிடும் என்று மனசு அடித்துக்கொண்டது. பெரிய அண்டாவை ஏற்றி, மிதந்த ஒன்றைத் தவிர அத்தனையையும் அவித்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. பந்தியில் வைத்து அசத்த வேண்டும் என்று ஆசை.

பூசை முடிந்து வந்த அப்பாமார் அடிப்பூச்சைப் பூசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். இலைக்கு நாலு முட்டை வைத்தேன். பெருநாளுக்குப் பெருநாள் பாதி முட்டை பார்த்த பிள்ளைகள். ஒருவன் நாலையும் கன்னத்தில் மாற்றி மாற்றி ஒற்றிக்கொண்டான். ஒருத்தி எண்ணிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவே இல்லை. கூடம் முழுக்க ஒரே கூச்சல்.

கொத்தனார் மட்டும் இலையையே பார்த்தார்.

"அக்கா, இது எந்த முட்டை?"

"பாய் கொண்டாந்ததுதான் தம்பி. கெட்டுப்போயிருமேன்னு..."

"அம்புட்டுமா?"

"ஒண்ணு மிச்சமிருக்கு. அது மெதக்குது."

பதினோரு அப்பாமாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். விறகு பிளப்பவர்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். அடிப்பூச்சின் ஈரம் காய்வதற்குள் மேல்பூச்சு ஏற வேண்டும், இல்லாவிட்டால் மூன்று ஞாயிறு வேலையும் உதிர்ந்துவிடும் என்றார். ஒன்பது பிள்ளைகளும் துணிமூட்டையோடு பஸ்ஸில் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. வாய்விட்டு அழுதேன்.

கொத்தனார் ஒரு முட்டையை உரித்து மகள் வாயில் ஊட்டினார். அவள் இரண்டு கன்னமும் உப்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சுவரு திங்க வேண்டியதப் புள்ளைக தின்னுருச்சுக. விடுங்கக்கா, சுவரு அழுவாது. நீங்க எதுக்கு அழுவுறீக?" என்றவர் எழுந்து, "ஏப்பா, உக்காந்திருந்தா கோழி இங்குட்டு வந்தா முட்டை போடும்? ஈரச்சாக்க எடுத்துச் சுவத்துல போடுங்க. மத்தவுக சைக்கிள எடுங்க" என்றார்.

இரண்டு பேர் ஈரச்சாக்கைப் பிடித்துக்கொண்டு சுவரைக் காய விடாமல் நின்றார்கள். மற்றவர்கள் பக்கத்து ஊர்களுக்குப் பறந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். "பதினோரு ஆம்பளைக சேந்து பாதுகாக்கத் தெரியாமப் போச்சா?" என்று கேலி பேசியபடியே பெண்கள் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்களாம். அறுபது தேறியது.

பாய் அப்போதுதான் வந்தார். கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, வந்த சைக்கிளிலேயே திரும்பிப் போய், தேவகோட்டைக் கடைகளுக்கென்று எடுத்துவைத்திருந்த நூற்றைம்பதைக் கொண்டுவந்தார்.

"இது என் கணக்குண்ணே. சாமிக்கிட்ட வாங்கக் கூடாது" என்றேன்.

"தங்கச்சி, மொதல்ல அடுப்ப அணைச்சிட்டு வாங்க, அப்புறம் கணக்குப் பாப்போம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் போய் அணைத்துவிட்டுத்தான் வந்தேன்.

வெள்ளைக்கருவை அவர்கள் எடுத்துக்கொள்ள, மஞ்சள் கரு எனக்கு வந்தது. பொழுது சாய்வதற்குள் அப்பாமார் வரிசையாக நின்று, கூழாங்கல்லால் தேய் தேய் என்று தேய்த்தார்கள். மறுநாள் காலையில் மஞ்சள் கருவைப் பொரித்து வைத்தபோது, பிள்ளைகள் முதல்தடவையாக முட்டை வேண்டாம் என்றார்கள்.

புதன்கிழமை அதிகாரி சுவரில் கையை வைத்தார். கையை எடுக்க மனசில்லாமல் தடவிக்கொண்டே இருந்தார். அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து மீசையைக்கூட ஒதுக்கிக்கொண்டார். "எந்தச் செட்டியார் செஞ்சு குடுத்தது?" என்று கேட்டார்.

"இவுக அப்பாமார்" என்றார் சிஸ்டர்.

ஒன்பது பிள்ளைகளும் அங்கேயே இருக்கலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டபோது, சின்னவர்கள் சுவரில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்போதும், சுண்ணாம்பை நக்கிவிடுவார்களோ என்று ஓடினேன்.

முட்டை ஒன்று இருபது பைசா. பாயின் நூற்றைம்பதுக்கு முப்பது ரூபாய். ஞாயிற்றுக்கு ஒரு ரூபாயாகப் பத்தொன்பது ஞாயிறு கொடுத்தேன். வேண்டாம் என்று சண்டை போட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொள்வார். பிறகு அவர் தம்பியின் கடையைப் பார்க்கப் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். அவருக்கு நான் தர வேண்டியது இன்னும் பதினோரு ரூபாய்.