கிராணியார் வீட்டுக் கோயில் கல்யாணம்

கோயில்பிள்ளை வேலை என்றால் மணியடித்து மெழுகுவர்த்தி ஏற்றுவதுதானே என்று நினைப்பவர்கள், ஒரே ஒரு கல்யாணக் காலையில் என் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். சாவு வீட்டார் சொன்னதைக் கேட்பார்கள். ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்களுக்குக் குழந்தை அழாமல் இருந்தால் போதும். கல்யாண வீட்டாருக்கு மட்டும் அன்றைக்குக் கோயிலே அவர்கள் வீட்டுச் சொத்து. இதே ஊழியத்தில் இடுப்பொடிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில், ஈப்போ கோயிலில் எத்தனையோ கல்யாணம் பார்த்தேன். சவரிமுத்துக் கிராணியார் மகள் கல்யாணத்துக்கு முன்னால் அவையெல்லாம் உறைபோடக் காணாது.

ஓலை வாசித்தது

சவரிமுத்து, கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி; ஆபீஸ் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில். மனைவி சீக்கிரமே இறந்துவிட்டாள். ஒரே மகள் திரேசாவை வளர்த்தது அவருடைய அக்கா ஞானம்மாள். அந்த அம்மாள் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற கூலி. தம்பியைப் படிக்கவைத்ததும் அவள் கைதான். மாப்பிள்ளை அருளப்பன் தைப்பிங்கில் கவர்மெண்டு ஆபீஸ் உத்தியோகம்.

கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓலை வாசிப்போம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஓலை வாசித்த அன்றே சவரிமுத்து, சாமியார் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் மூச்சிரைக்க வந்தார். "சவரிமுத்து மகள்னு மொட்டையா வாசிச்சுட்டீங்களே சாமி. பெரிய கிராணியார்னு சேத்து வாசிக்கணும்" என்றார். எங்கள் பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியில் தமிழ் படித்தவர். பூசை உடுப்பை மடித்துக்கொண்டே சொன்னார்: "பரலோகத்திலே கிராணி வேலை ஒன்றும் காலி இல்லை, சவரிமுத்து."

துரைக்கு நாற்காலி

கல்யாணத்துக்கு முதல்நாள் தோட்டத்து லோரி வந்து நின்றது. தென்னங்குருத்து, சிவப்புத் துணி, அவற்றுக்கு மேலே துரை பங்களாவிலிருந்து இரவல் வாங்கிய ஒரு மெத்தை நாற்காலி. தோட்டத்து மானேஜர், வெள்ளைக்காரத் துரை, கல்யாணத்துக்கு வருகிறாராம். நாற்காலியைப் பீடத்துக்குப் பக்கத்தில், கிராதிக்கு உள்ளே போடச் சொன்னார் சவரிமுத்து. அங்கே குருமாருக்குத்தான் இடம் என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையில் என் உத்தியோகம் அன்றோடு போயிற்று என்று நினைத்தேன். கடைசியில் கிராதிக்கு வெளியே முன்வரிசையில் போட்டோம். அதற்காக மாப்பிள்ளையைப் பெற்றவர்களின் பெஞ்சு பின்னால் தள்ளப்பட்டது.

பிறகு யார் எங்கே என்று சட்டம் போட்டார். காலில் சப்பாத்துப் போட்டவர்கள் முன்னால். போடாதவர்கள் பின்னால். தோட்டத்து லயத்தில் குடியிருக்கிற கூலி ஜனங்கள் வெளியே, மரத்தடியில். "உங்க அக்காவுக்கு எந்தப் பெஞ்சு?" என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தொரை வர்ற எடம். பால்மரம் வெட்டுறவ எனக்கு அக்கான்னு தெரிஞ்சா என்ன நெனைப்பாரு? வெளியிலயே நிக்கட்டும்லா, அது ஒண்ணும் நெனைச்சுக்காது."

சாமியாரின் பசி

காலையில் எல்லாரும் வந்துவிட்டார்கள், துரையைத் தவிர. அந்தக் காலத்தில் பூசை வைக்கிற சாமியாரும் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குகிற மணமக்களும் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. மத்தியானத்துக்குள் பூசையும் முடிய வேண்டும். சவரிமுத்து ரோட்டில் நின்று கோப்பெங் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார். பேண்டுக்காரர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்து முடித்து, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். வெயில் ஏற ஏற மெழுகுவர்த்திகள் வளைய ஆரம்பித்தன, நான் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பத்து மணியும் தாண்டியது. "இன்னும் கொஞ்ச நேரம் சாமி" என்று சவரிமுத்து வந்து கெஞ்சினார். சாமியார் என் பக்கம் திரும்பினார். "கோயில்பிள்ளை, மணியை அடி. துரைக்காக இவன் காத்திருக்கட்டும், நாம் கல்யாணத்தை முடிப்போம்."

சம்மதமா?

மாப்பிள்ளை, கேள்வி முடியுமுன்பே சம்மதம் என்றுவிட்டார். பெண்ணைக் கேட்டபோது பதில் இல்லை. சாமியார் இன்னொரு தரம் கேட்டார். அப்போதும் இல்லை. முன்பெஞ்சு உத்தியோகஸ்தர்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். பெண்ணுக்கு வேறு இடத்தில் மனசாம் என்று அதற்குள் ஒரு கதை பின்பெஞ்சு வரை போய்விட்டது. அருளப்பன் முகத்தில் ரத்தமே இல்லை. திரேசா முக்காட்டை விலக்கினாள். "எங்க அத்தையக் காணோம் சாமி" என்றாள். "வெளியதான் இருக்கு, சொல்லும்மா, மானத்த வாங்காத" என்று சவரிமுத்து பல்லைக் கடித்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "உள்ள வரட்டும். அப்புறம் சொல்றேன்."

அருளப்பன்தான் என்னைப் பார்த்து, "அண்ணே, போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார். ஞானம்மாள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் மடித்த மடிப்புகூடக் கலையாத புதுச்சேலை. கூப்பிட்டதும், "நான் வந்தா தம்பி கோவிச்சுக்கும்" என்று பின்வாங்கினாள். "நீங்க வரலைன்னா கல்யாணமே இல்லக்கா" என்றேன். வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே, யாரும் சொல்லாமல், லயத்து ஜனம் முழுக்க உள்ளே வந்தது. மெத்தை நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. ஞானம்மாள் அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தரையில் முழந்தாளிட்டாள். திரேசா கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "சம்மதம் சாமி. இப்பச் சம்மதம்."

துரை வந்தார்

மத்தியானம் ஈப்போவில் வாடகைக்கு எடுத்த வீட்டுப் பந்தலில் விருந்து. எல்லாரும் சாப்பிட்டு ஓய்ந்தபிறகு துரையின் மோட்டார் வந்தது. அரைக்கால் சட்டையோடு இறங்கினார். சவரிமுத்து ஓடிப்போய் மாலை போட்டார். பேண்டு மாஸ்டர் பொத்தான் மின்னுகிற கோட்டு போட்டிருந்தார். துரை நேரே போய் அவர் கையைக் குலுக்கி, கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னார். பேண்டு மாஸ்டரும் மரியாதையாக நன்றி சொல்லிக்கொண்டார். பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளவர்.

துரை ஒரு கிளாஸ் சோடாவை வாங்கிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அத்தனை உத்தியோகஸ்தரிலும், தன் கிராணியைத் தவிர, அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானம்மாளைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. "ஏய், நீ இன்னிக்கு ஏன் வேலைக்கு வரல்லே?" என்று தோட்டத்துத் தமிழில் கேட்டார். ஞானம்மாள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "என் தம்பி மவ கல்யாணம் தொரே. அந்தா, ஒங்களுக்கு மால போட்டாரே, அவருதான் என் கூடப்பொறந்த தம்பி."

துரை "அப்படியா" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மோட்டார் ஏறிவிட்டார். அந்தச் செய்தியைக் கேட்டு அவர் என்ன நினைப்பாரோ என்று சவரிமுத்து பயந்தாரே, துரை ஒன்றுமே நினைக்கவில்லை. திரேசா தைப்பிங் போனபோது அத்தையையும் கூட்டிக்கொண்டு போனாள். சவரிமுத்து லயத்து ஜனங்களின் முகத்தைப் பார்க்காமல் வெகுநாள் ஆபீஸ் போய் வந்ததாகக் கேள்வி.

கோயிலில் ஒரு கல்யாணத்தை நடத்திவைப்பது பெரிய காரியமில்லை, அதைக் கல்யாண வீட்டாரிடமிருந்து காப்பாற்றுவதுதான் எங்கள் பாடு.