பஸ்ஸில் குனிந்து ஏறுகிறவர்

குன்றத்தூரிலிருந்து ஒரகடம் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் அவர் குனிந்துதான் ஏறுவார். அத்தனை உயரமான பெண்ணை நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் முழங்கால் முன்சீட்டில் இடிக்கும்.

ஒருநாள் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் என் மகளைப் பற்றிச் சொன்னேன். எட்டாவது படிக்கிறாள், வாலிபால் என்றால் உயிர், ஆனால் டீமிலேயே அவள்தான் குள்ளம்.

"ஆட்டத்த நிறுத்திடலாம்னு பாக்கறேன்."

அவர் சட்டென்று திரும்பினார். "என்னையும் எட்டாவதுலதான்க்கா நிறுத்தினாங்க. அப்போ பிரேயர் லைன்ல குள்ளமா முதல்ல நிக்கறது நான்தான். வலைக்கு மேல கை போவாதுன்னு வூட்ல அனுப்பல. ப்ளஸ் டூ வரசொல்ல மளமளன்னு வளந்துட்டேன். பி.டி. சாரே வந்து கூப்ட்டாரு. போனேன். பந்து கைல நிக்கவே இல்ல. வளத்தி தானா வந்துச்சு. ஆட்டம் தானா வருமா?"

அவர் குரலில் வருத்தம்கூட இல்லை.

என் மகள் இப்போதும் பிரேயர் வரிசையில் முதலில்தான் நிற்கிறாள். சாயங்காலம் தவறாமல் கிரவுண்டுக்குப் போகிறாள். அவர் குனிந்து ஏறும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: இவள் எப்போது வேண்டுமானாலும் வளரட்டும், அன்றைக்குப் பந்து இவள் கையில் இருக்கும்.