சேனை வைத்த கை

அஞ்சம்மாள் இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள். திண்டிவனத்தில் பிரசவம் பார்க்கப் படித்து, முகையூர்ப் பக்கம் அரசாங்க மருத்துவச்சியாக வந்தாள். தொப்புள்கொடியை அரிவாளால் அறுக்காதீர்கள், சாம்பல் வைக்காதீர்கள் என்று ஆறு வருஷம் வீடு வீடாகத் தொண்டை வற்றக் கத்தினாள். ஒருத்தியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் டென்மார்க்கிலிருந்து எல்சா வந்தாள். சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்ய வந்த பெண். மாதர் சங்கக் கூட்டத்தில் அஞ்சம்மாள் சொன்னதையே அரைகுறைத் தமிழில் சொன்னாள். ஊரே வாயைப் பிளந்து கேட்டது. அஞ்சம்மாளுக்கு வயிறு எரிந்தது. நல்ல பெண்தான், "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வந்தாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பாஞ்சாலிக்கு மூன்றாவது பிரசவ வலி எடுத்தபோது, மாமியார் கோவிந்தம்மாள் வண்டி அனுப்பியது எல்சாவுக்குத்தான். பிரசவம் பார்க்கத் தெரியாத எல்சா, அஞ்சம்மாளையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை போராடி, கொடி சுற்றிய பிள்ளையை உயிரோடு எடுத்தவள் அஞ்சம்மாள். எல்சா பாஞ்சாலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவ்வளவுதான்.

கோவிந்தம்மாள் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினாள். சேனை என்று பிள்ளையின் வாயில் முதலில் இதைத் தொட்டு வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு ஒட்டும் என்பது அங்கே நம்பிக்கை.

"எல்சாம்மா கைராசிதான் புள்ள பொழைச்சுது. அவங்க கையாலயே சேனை வெக்கச் சொல்லு, அஞ்சம்மா. நான் ஜல்தியா போயி எம்புள்ளைகிட்ட சொல்லிட்டு வர்றேன்."

"என்ன சொல்றாங்க அக்கா?" என்றாள் எல்சா.

"வெந்நி போதலயாம். அடுப்புல வெச்சு எடுத்துக்கினு வாங்க."

எல்சா ஓடினாள். அஞ்சம்மாள் விரலைத் தோய்த்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். பாஞ்சாலி அசந்து கிடந்தாள். பெற்றெடுக்க வைத்தவள் நான், எனக்கில்லாத உரிமையா என்று மனம் கொதித்தது. கோவிந்தம்மாள் திரும்பி வந்து, "வெச்சாச்சா?" என்றபோது, "ஆச்சு" என்றாள்.

இரண்டு வருஷத்தில் எல்சா டென்மார்க்குக்கே திரும்பிவிட்டாள். அன்று பிறந்த பையன் சீனுவாசனுக்கு இப்போது மூன்று வயது. தன் கையில் முறுக்கு இருந்தாலும் அடுத்த பிள்ளை கையில் இருப்பதுதான் வேண்டும். கிடைக்காவிட்டால் தன்னுடையதையும் தரையில் அடிப்பான். ஊசி போடப் போன அஞ்சம்மாளிடம் கோவிந்தம்மாள் குறைப்பட்டாள்.

"இவங்கூட ஒரே பேஜாரு. யாருகிட்ட எது இருந்தாலும் பொறுக்கல. எல்சாம்மா தங்கம். அவங்க சேனை வெச்சும் எங்கேருந்து வந்துது இந்தப் பொறாமை?"

அஞ்சம்மாளுக்குப் பகீரென்றது. பையனைப் பார்க்கவே கூசியது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த நிமிஷத்திலும் அவளை முதலில் சுட்டது தன் பொய் இல்லை. எல்சாவைத் தங்கம் என்றாளே, அதுதான்.