வேப்பம்பூ வடகத்தோடு கிரீனிச் வரை

போன ஜூன் மாதம் லண்டனில் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தோம். நாங்கள் என்றால் நானும் ராஜேஸ்வரியும். திருச்சியில் ஒரே பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர், ராஜி புவியியல் டீச்சர். நான் மூன்று வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். அவள் ஓய்வு பெற்றது மே மாதக் கடைசியில். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் உலகப் படம் வரைந்து, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, "இது கிரீனிச், இங்கதான் பூஜ்ஜியம் டிகிரி" என்று சொன்னவள். அந்தக் கோட்டின் மேல் ஒரு தடவை நின்றுவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. ஜூலையில் அவள் மகளுக்குப் பிரசவம். அதற்குமுன் திரும்பியாக வேண்டும். பேரப்பிள்ளை வந்தபின் எப்போது வெளியே கிளம்ப முடியும் என்பதை யார் சொல்வது? ஆகவே ஐந்தே நாள்.

லண்டன் போகிறோம் என்ற செய்தி தெருவில் பரவியதும் பார்சல்கள் வரத் தொடங்கின. உங்களுக்கும் இது நடக்கும், தயாராக இருங்கள். ராஜிக்கு மறுக்கத் தெரியாது. நான் தலையிட்டு இரண்டு பார்சலோடு நிறுத்தினேன். ஒன்று, தெற்கு லண்டனில் ஸ்ட்ரெதமில் இருக்கும் ஒரு டாக்டர் பெண்ணுக்குப் பருப்புப் பொடியும் வற்றலும். அந்தப் பெண்ணின் அம்மா பால்கோவாவும் கொடுக்கப் பார்த்தார். பால், இறைச்சி சேர்ந்த எதையும் நம் ஊரிலிருந்து அங்கே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது, ராஜியின் எதிர்வீட்டு யோகம்மா அக்கா கொடுத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திருச்சி கே.கே. நகரில் முப்பது வருடமாக இருப்பவர். தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் தம்பி குகனுக்கு வேப்பம்பூ வடகம் கொடுத்தனுப்பினார். "நொறுங்காமல் கொண்டுபோய்க் குடுங்கோ பிள்ளை" என்று அவர் சொன்னதற்காக, அந்த டப்பாவைச் சென்னையிலிருந்து ஹீத்ரோ வரை ராஜி தன் கைப்பையிலேயே வைத்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டு வந்தபோது டப்பா அவள் மடியில். தட்டு என் மடியில்.

வியாழக்கிழமை மதியம் இறங்கினோம். முதல் பாடம் விமான நிலைய ரயில் வாசலிலேயே கிடைத்தது. டிக்கெட் வாங்க வேண்டியதில்லை, வங்கி அட்டையைத் தட்டினால் கதவு திறக்கும். நான் தட்டி உள்ளே போனேன். அதே அட்டையை ராஜியிடம் நீட்டினேன், கதவு திறக்கவில்லை. ஓர் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஏறும்போது தட்டிய அட்டையையே இறங்கும்போதும் தட்ட வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும். கட்டணம் ஒன்றே முக்கால் பவுண்டு; அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் ஏறினால் காசில்லை. ரயிலுக்கு ஊரை வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வளையம் வளையமாகத் தெரியும் அல்லவா, அப்படி. நடு வளையத்துக்குப் போனால் கட்டணம் கூடும். வெளி வளையங்களிலேயே சுற்றினால் குறையும்.

தங்கியது டூட்டிங்கில், ஒரு மளிகைக் கடை மாடியில். இருவருக்கு ஓர் இரவு எண்பது பவுண்டு. அறையில் இரண்டு கட்டில் போட்ட பிறகு பெட்டியைத் திறக்க இடமில்லை. ஒருத்தி பெட்டியைத் திறந்தால் மற்றவள் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். ஆனால் கீழே இறங்கினால் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கிடைக்கும். காலையில் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் இங்கிலாந்தைப் பார்க்கக் கிளம்புவோம்.

வெள்ளிக்கிழமை ஊரின் நடுப்பகுதி. தேம்ஸ் நதியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவேரிப் பாலத்தில் நின்று பழகியவர்களுக்கு அது பெரிய வாய்க்கால்தான். ராஜிக்குக் கோபம். "தண்ணி இருக்கா இல்லையா, அதப் பாருங்க. நம்ம காவேரில வருஷத்துல எத்தனை மாசம் தண்ணி?" என்றாள். எதிலும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. எனக்கு மாடி பஸ்ஸின் மேல்தள முன்சீட்டு சொர்க்கம். அவளுக்கு ஒவ்வொரு மரக்கிளையும் கண்ணாடியில் மோதும்போது உயிர் போய் வந்தது. அவளுக்கு அருங்காட்சியகங்கள் பிடித்தன. பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. எனக்கோ அங்கே நடந்து கால் வீங்கிவிட்டது. ஒரு காபி நாலு பவுண்டு என்பதை மட்டும் இருவரும் ஒரே குரலில் கண்டித்தோம். ரயில் நிலையங்களில் கழிப்பறை அபூர்வம், அதனால் அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வரும்முன் போய்விட்டு வாருங்கள். வயதான வாசகர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வரி இந்தக் கட்டுரையில் இல்லை.

சனிக்கிழமை ஸ்ட்ரெதம். டூட்டிங்கிலிருந்து ஐம்பத்தேழாம் எண் பஸ். நம் சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகிற தூரம்தான். பதினொரு மணிக்குப் போனால் டாக்டர் பெண் ஷிப்டில் மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு ஓடிவந்து, "சாரி ஆன்ட்டி, சாப்பிடாம போகக் கூடாது" என்று பிடித்துக்கொண்டார். அன்றைய பகல் அப்படிப் போனது. நடுவில் ஒரு பூங்காவில் அணில்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அணில்கள் நம் ஊர் அணிலைப்போல இரண்டு பங்கு. முதுகில் கோடு இல்லை.

ஞாயிறு காலை நான் சொன்னேன், "ராஜி, இன்னிக்கே கிரீனிச் போயிடலாம். குகன் வேற ஊர்ல வேலையா இருக்காராம். நாளைக்கு அந்த டப்பாவைக் குடுத்துக்கலாம்."

"இல்லக்கா. அது பையில இருக்கிற வரைக்கும் எனக்கு மனசு நிக்காது. கடமைய முடிச்சிட்டு நிம்மதியாப் போய் நிக்கிறேன்."

"நாளைக்குக் கடைசி நாள்டி."

"பதினோரு மணிக்குக் குடுக்குறோம், பன்னெண்டுக்குக் கிளம்புறோம், ரெண்டு மணிக்குக் கோட்டுல நிக்கிறோம். கணக்கு டீச்சருக்குக் கணக்குச் சொல்லணுமா?"

மழை வேறு தூறியது. நான் விட்டுவிட்டேன். அன்றைய பொழுது டூட்டிங் கடைத்தெருவிலேயே போனது.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஸ்ட்ரெதம் போய், அங்கிருந்து இருநூற்றைம்பதில் ஏறித் தோர்ண்டன் ஹீத்தில் இறங்கினோம். இரண்டாவது பஸ் இலவசம். கதவைத் திறந்தது குகனின் மனைவி வதனி. ராஜி டப்பாவை நீட்டினாள். வதனி வாங்கி மேசையில் வைத்துவிட்டு எங்கள் மேல்கோட்டுகளைக் கேட்டு வாங்கி மாட்டினார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"இருங்கோ அக்கா. இவர் வேலைக்குப் போயிட்டார். ஒரு மணிக்கு வாறன் எண்டவர். உங்களைப் பாக்காமல் விட ஏலாது."

"இல்லம்மா, நாங்க ஒரு இடத்துக்குப்…" என்று ஆரம்பித்தேன். ராஜி என் கையை அழுத்தினாள்.

குகன் எலக்ட்ரீஷியன். பாரிஸில் எட்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். ஒரு மணி என்றது இரண்டரை ஆயிற்று. கைகழுவிவிட்டு நேராக ராஜி எதிரில் வந்து உட்கார்ந்தார். டப்பாவைப் பார்க்கவே இல்லை.

"அக்காவைக் கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

"கிளம்புற அன்னிக்கு. வாசல் வரைக்கும் வந்தாங்க."

"தானா நடந்தோ?"

ராஜி ஒரு நொடி யோசித்தாள். "தானாத்தான். ஆனா செவுத்தப் பிடிச்சிட்டு."

"பாத்தியே?" என்று அவர் வதனியைத் திரும்பிப் பார்த்தார். "போனில எப்ப கேட்டாலும் நல்லா இருக்கிறன் எண்டுதான் சொல்லுவா. வீடியோவில முகத்தை மட்டும் காட்டுவா. நீங்கள் சொல்லுங்கோ அக்கா. காலமை பாலுக்குப் போறாவோ?"

"போறாங்க. வழியில ரெண்டு இடத்துல நின்னு நின்னு போவாங்க. மழைக்காலத்துல எம் பையன் வாங்கிட்டு வந்துருவான்."

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். படி ஏறுகிறாரா, இரவில் தூங்குகிறாரா, டாக்டரிடம் யார் கூட்டிப்போவது. ராஜி எதையும் பூசி மெழுகவில்லை. பிள்ளையின் பெற்றோரிடம் மதிப்பெண் சொல்வதுபோல நல்லதையும் கெட்டதையும் அப்படியே சொன்னாள். வாசலில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று இந்த டப்பாவைப் பற்றி நான் இரண்டு முறை சொல்லியிருந்தேன். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது அதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. அவர் காத்திருந்தது அக்காவைக் கண்ணால் பார்த்தவர்களுக்காக.

ஆனாலும் சுவர்க் கடிகாரத்தை என் கண் விடவில்லை. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, யோகம்மா அக்காவின் வடகம் பொரித்து ஒரு தட்டு. எல்லாம் முடிந்தபோது நாலரை. ராஜி கடிகாரத்தைப் பார்த்தாள். "பரவால்லக்கா, படத்துல பாத்துக்கலாம்" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"தம்பி, இவ முப்பத்திரண்டு வருஷம் கிரீனிச்சப் பத்திப் பாடம் எடுத்தவ. அதப் பாக்கத்தான் லண்டனுக்கே வந்தா. காலையில எங்களுக்கு விமானம்."

குகன் எழுந்துவிட்டார். "ஏன் முதலே சொல்லேல்லை? வதனி, சாவி எங்க?"

"அந்தக் கோடு இருக்கிற வானாய்வுக் கூடத்த அஞ்சு மணிக்கே பூட்டிடுவாங்களாமே?" என்றாள் ராஜி.

"பூட்டினாப் பூட்டட்டும். இடம் ஓடிப்போகாதுதானே. கொண்டுபோய் விடுறன், வாங்கோ."

அவருடைய வேன் முன்பக்கம் மூன்று பேர் உட்காரலாம். வயர்ச் சுருளைக் காலடியில் தள்ளிவிட்டு ஏறினோம். தூரம் ஒன்பது மைல்தான். மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வேலை வண்டிகளை அந்தக் கூடம் இருக்கும் பூங்காவுக்குள் விடமாட்டார்களாம், அதனால் பிளாக்ஹீத் பக்கத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்தோம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆற்றுப் பக்கமிருந்து வந்தால் செங்குத்தான ஏற்றம், பிளாக்ஹீத் பக்கமிருந்து மரங்களுக்கு நடுவே சமதளமான பாதை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதுதான் வழி.

வானாய்வுக் கூடத்தின் வாசல் பூட்டியிருந்தது. வாசல் சுவரில் பெரிய கடிகாரம், அதில் இருபத்துநாலு மணி எண்கள். ராஜி அண்ணாந்து பார்த்தாள். "அக்கா! இங்க கோடைக்காலத்துல எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க, இது மட்டும் தள்ளி வைக்காத கடிகாரம். அசல் கிரீனிச் நேரம். நம்ம வாட்ச்சுல ஆறு பத்து, இதுல மணி அஞ்சு பத்துதான்!"

"அந்தக் கணக்கிலயும் பத்து நிமிஷம் லேட்டுதான்" என்றேன். மூவரும் சிரித்தோம்.

குகன் அங்கே ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்ணை நிறுத்தி விசாரித்தார். அவர் கையைக் காட்டினார். வாசலைத் தாண்டியதும் ஒரு சின்ன இரும்புக் கதவு, அதன் வழியே சுவரையொட்டி ஒரு நடைபாதை. அங்கே சுவரிலிருந்து இறங்கித் தரையைக் குறுக்கே வெட்டிப் போகிறது அதே கோடு. யாரும் இல்லை. வரிசையும் இல்லை.

ராஜி செருப்பைக் கழற்றினாள். ஒரு கால் மேற்கில், ஒரு கால் கிழக்கில் வைத்து நின்றாள். பிறகு குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானாக்கா?"

"இவ்வளவுதான் போல."

"நான் போர்டுல போடுற கோடு இதவிடத் தடிப்பா இருக்கும்." சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலை மட்டும் எடுக்கவில்லை.

"நீங்களும் வாங்க தம்பி."

"நான் லண்டனுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல. ஒருநாளும் இங்க வரேல்லை" என்று சொல்லிக்கொண்டே குகனும் வேலைப் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டில் நின்றார். நின்றபடியே அக்காவுக்கு வீடியோ போட்டார். திருச்சியில் இரவு பத்தே முக்கால். யோகம்மா அக்காவின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. உலகத்தின்ர நடுக்கோட்டில நிக்கிறன்!"

"அது கிடக்கட்டும். வடகம் நொறுங்காமல் வந்ததோ?"

"ஓம் அக்கா. முழுசா வந்தது."

பாதி நொறுங்கித்தான் இருந்தது. நானும் ராஜியும் வாயைத் திறக்கவில்லை.

லண்டன் எப்படி என்று கேட்பவர்களுக்கு: விலை அதிகம், அறை சின்னது, வானம் எப்போது அழும் என்று தெரியாது. பஸ் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிற மனிதர்கள், கட்டணமில்லாத கலைச்செல்வம், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். கூட்டிக் கழித்தால் நான் தாராளமாகத் தேர்ச்சி போடுவேன். ராஜி முதல் வகுப்பே போடுகிறாள். வானாய்வுக் கூடத்தின் உள்ளே பார்க்க விரும்பினால் இருபது பவுண்டுக்கு மேல் ஆகும். நேரத்தையும் கட்டணத்தையும் கிளம்பும்முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனதில் ஒரே ஓர் ஆசை இருந்தால் அதை முதல் நாளே முடித்துவிடுங்கள். பார்சல் கொண்டுபோனால் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். பிறகு, அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டு வரலாம் என்று நாங்கள் போட்ட கணக்கு தப்பு.

டூட்டிங்கில் எங்களை இறக்கிவிட்டபோது குகன் வேனின் பின்னாலிருந்து ஒரு பை எடுத்தார். முழங்காலுக்குப் போடும் உறை இரண்டு, வலிக்குத் தடவும் மருந்து. "இதை மட்டும் அக்காட்டக் குடுத்துவிடுங்கோ" என்றார். ராஜிக்கு முன் நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, இருவருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். யோகம்மா அக்கா பையை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். பிரிக்கவில்லை. இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ பிள்ளைகள். அவன் போனில நல்லா இருக்கிறன் எண்டுதான் சொல்லுவான். நீங்கள் சொல்லுங்கோ. மெலிஞ்சு போனானோ?"

அன்று எங்களுக்கு வேறு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்தோம்.