மூன்று கோட் கறுப்புக்கு அடியில்

பழைய பட்டாள லாரிகளைப் பற்றி ஓர் அலமாரி நிறையப் படித்திருந்தும், வெல்டுக்கும், ஓட்டையை அடைத்துப் பூசும் புட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவன் நான். ஐம்பத்திரண்டு வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏலத்தில் எடுத்த லாரி ஒன்றை, மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கோடவுனில் வெறும் சேஸிஸ் வரை கழற்றினேன். சேஸிஸில் ஒரு சாண் விரிசல். பள்ளுருத்தியில் பட்டறை வைத்திருக்கும் ஜோசி, இருபது வருட நண்பன், "பேடிக்க வேண்டாம் சாரே, நான் வெல்டு செஞ்சு தரேன்" என்று எடுத்துப் போனான். திரும்பி வந்தபோது அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். பிறகு என் கையாலேயே மூன்று கோட் கறுப்பு அடித்தேன்.

எஞ்சினைச் சேஸிஸ் மேல் இறக்கி வைத்த அன்று அடியில் படுத்து போல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு போல்ட் உருண்டோடியது. அதை எடுக்க வெளியே வந்ததும் பின்னால் 'மடார்' என்றது. சேஸிஸ் பிளந்து, நான் படுத்திருந்த இடத்தில் எஞ்சின் கிடந்தது. விரிசலிலிருந்து உதிர்ந்ததெல்லாம் புட்டி.

ஜோசி அசரவே இல்லை. "இது ஓடும்னு யாரு சாரே நினைச்சா? முற்றத்துல நிறுத்தி போட்டோ எடுக்கத்தானேன்னு விட்டேன்."

என் லாரிக் கனவுக்கு இத்தனை நாள் தலையாட்டியவன் அவன்.

இப்போது யார் வெல்டு செய்தாலும், பெயிண்டுக்கு முன் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெல்டின் தழும்பு விரலில் தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறேன். மனைவியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"எவ்வளவு வழுவழுன்னு இருக்கு பாருன்னு என்கிட்ட காட்டினது ஜோசி இல்லை, நீங்கதான்" என்றாள்.